லித்தியம் ஹைட்ரைடுல போன ரெண்டு மார்க்



போன எபிசோட்ல ஒரு தப்பு சொல்லிட்டேன். ஹைட்ரஜன் கார் பத்திப் பேசும்போது, "மெட்டல் ஹைட்ரைடுங்கறது ஸ்பாஞ்ச் மாதிரிங்க. உலோகம் ஹைட்ரஜனைக் குடிச்சுக்கும், சூடு பண்ணினா துப்பிடும்"னு ஒரே மூச்சுல அள்ளி விட்டேன். எடிட் பண்ணும்போதும் உறுத்தல. எபிசோட் வந்த அன்னைக்கு ராத்திரியே அக்கா பொண்ணுகிட்ட இருந்து வாட்ஸ்அப் வந்துச்சு. அவ இங்க டொராண்டோவுல கிரேடு 11 படிக்கறா.

"மாமா, எது ஸ்பாஞ்ச்? லித்தியம் ஹைட்ரைடா? அது உப்பு மாமா."

கூடவே ஒரு போட்டோ. கெமிஸ்ட்ரி குவிஸ் தாள், சிவப்பு மையில ரெண்டு சுழி. முதல் கேள்வி: லித்தியம் ஹைட்ரைடுல என்ன பிணைப்பு? ரெண்டாவது: பெரிலியம் ஹைட்ரைடுல என்ன பிணைப்பு? அவ முதலாவதுக்கு கோவேலன்ட்னும் ரெண்டாவதுக்கு ஐயானிக்னும் எழுதியிருக்கா. விடைத்தாள்ல அப்படியே தலைகீழா இருக்கு. ரெண்டும் தப்பு.

எனக்கு சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அவ எழுதியிருந்த வழிமுறையைப் படிச்சதும் சிரிப்பு போயிடுச்சு. ஏன்னா அவ முட்டாள்தனமா எதுவும் பண்ணல. சொல்லிக் குடுத்த ரெண்டு விதியையும் ஒழுங்காத்தான் போட்டிருந்தா.

நான் விருதுநகர் பக்கம் தமிழ் மீடியத்துல படிச்சவன். ஐயானிக் எங்களுக்கு அயனிப் பிணைப்பு, கோவேலன்ட் எங்களுக்கு சகப்பிணைப்பு. சக ஊழியர்ங்கறோம்ல, அந்த 'சக'. ஒரு அணு எலக்ட்ரானைத் தூக்கி இன்னொண்ணுகிட்ட குடுத்துட்டா அயனி. ரெண்டும் கூட்டா வச்சுக்கிட்டா சக. இலங்கைப் பாடப்புத்தகத்துல இதையே பங்கீட்டு வலுப் பிணைப்புன்னு போட்டிருப்பாங்க. எனக்கு அது இன்னும் பிடிக்கும், பேரைப் படிச்சாலே விஷயம் புரிஞ்சிடுது.

இப்ப அந்த ரெண்டு விதி. ஒண்ணு: உலோகமும் அலோகமும் சேர்ந்தா ஐயானிக். இன்னொண்ணு: ரெண்டு அணுவோட எலக்ட்ரோநெகட்டிவிட்டியைக் கழிச்சுப் பாரு, 1.7-க்கு மேல போனா ஐயானிக், கீழ வந்தா கோவேலன்ட். எலக்ட்ரோநெகட்டிவிட்டின்னா ஒரு அணு எலக்ட்ரானைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்குதுங்கறதுக்கு ஒரு நம்பர், லைனஸ் பாலிங் குடுத்தது. (1.7-ங்கறதும் வேதவாக்கு இல்ல. சில புத்தகத்துல 1.8, சிலதுல 2.0.)

ஹைட்ரஜன் 2.20. லித்தியம் 0.98. கழிச்சா 1.22. ரெண்டாவது விதிப்படி கோவேலன்ட். பொண்ணு அதைத்தான் எழுதினா. அடுத்த கேள்விக்கு, சரி இந்தத் தடவை முதல் விதியைப் போடுவோம்னு, பெரிலியம் உலோகம், ஹைட்ரஜன் அலோகம், அப்ப ஐயானிக்னு எழுதினா. ரெண்டு ஃபங்ஷன், ஒரே இன்புட், எதிரெதிர் அவுட்புட். எந்தக் கேள்விக்கு எந்த ஃபங்ஷனைக் கூப்பிடணும்னு யாரும் சொல்லித் தரல.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.7-ஐ நம்பினா உலகத்துல எந்த மெட்டல் ஹைட்ரைடுமே ஐயானிக் கிடையாது. எலக்ட்ரானை விட்டுக் குடுக்கறதுல கர்ணனான சீசியமே 0.79-தான், கழிச்சா 1.41. அதுவும் தேறாது. அதே விதியில ஹைட்ரஜன் ஃபுளோரைடைப் போடுங்க. 1.78 வரும், பாஸ் ஆகி ஐயானிக் ஆயிடும். ஆனா அது 19.5 டிகிரியில கொதிச்சு ஆவியாப் போற பொருள். 1.22 வாங்கி ஃபெயிலான லித்தியம் ஹைட்ரைடு உருகறதுக்கு 689 டிகிரி வேணும், அதோட படிக அமைப்பு அச்சு அசல் சமையல் உப்புதான். எது உப்பு, எது இல்லங்கறதை அந்தக் கோடு நேர் மாறா சொல்லுது.

இதை வச்சு அந்தப் பொண்ணு எடுத்த முடிவுதான் என்னை இதை எழுத வச்சது. "கெமிஸ்ட்ரியில லாஜிக்கே இல்ல மாமா. கிரேடு 12-ல விட்டுடறேன். உங்கள மாதிரி கோடிங் பக்கம் வந்துடறேன், அங்கன்னா ரூல்னா ரூல்." அக்காவும் அத்தானும் சந்தோஷமா தலையாட்டறாங்க. நம்ம வீடுகள்ல ஒரு பிள்ளை ஐடி பக்கம் சாயுதுன்னா யாரு தடுப்பா? உதாரணத்துக்கு நான் வேற ஒருத்தன் உட்கார்ந்திருக்கேன்.

அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். கெமிஸ்ட்ரி பிடிக்கலன்னா விடுங்க, தப்பே இல்ல. ஆனா 'இங்க விதிவிலக்கு அதிகம், அங்க கம்மி'ன்னு கணக்குப் போட்டு எங்க பக்கம் வராதீங்க. பத்து வருஷத்துக்கு மேல கான்ட்ராக்ட்ல ஒவ்வொரு கம்பெனியா போயிட்டு வர்றேன். எல்லா ஊர் சிஸ்டத்துலயும் 'லாஸ்ட் நேம்'னு ஒரு கட்டாயப் பெட்டி இருக்கு. எனக்கு இருக்கறது ஒரு பேரும் ஒரு இனிஷியலும். அந்தப் பெட்டியில எங்கப்பா பேரைப் போட்டேன். இன்னைக்கு மீட்டிங்ல பாதிப் பேர் என்னை எங்கப்பா பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. உலகத்தைத் தப்பான டேட்டா டைப்ல அடைக்கறது எங்க தொழில்லயும் தினசரி நடக்கறதுதான்.

கெமிஸ்ட்ரி மேல குத்தம் இல்ல. அதை வகுப்புக்குள்ள கொண்டு வரும்போது பூலியனா மாத்தறாங்க பாருங்க, அங்கதான் கோளாறு.

சரி, லித்தியம் ஹைட்ரைடு உப்புன்னு யாரு, எப்படிக் கண்டுபிடிச்சாங்க? எனக்கு இந்தக் கதை தெரியாது, இப்பதான் படிச்சேன், பள்ளிக்கூடத்துல ஏன் சொல்லலன்னு கோவமே வந்துச்சு. ஹைட்ரஜன்கிட்ட இருக்கறது ஒரே ஒரு எலக்ட்ரான். அதைக் குடுத்துட்டா வெறும் புரோட்டான், பாசிட்டிவ். தண்ணிக்குள்ள கரண்ட் விட்டா ஹைட்ரஜன் எப்பவும் நெகட்டிவ் முனையிலதான் குமிழி விடும், ஸ்கூல் லேப்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க. 1916-ல கில்பர்ட் லூயிஸ் ஒரு யோசனை சொன்னார்: லித்தியம், கால்சியம் மாதிரி உலோகங்களோட ஹைட்ரைடுகள்ல ஹைட்ரஜன் ஒரு எலக்ட்ரானைக் கூடுதலா வாங்கி நெகட்டிவ் அயனியா இருக்கும், குளோரைடு மாதிரி. 1920-ல மோயர்ஸ்ங்கற ஜெர்மன்காரர் லித்தியம் ஹைட்ரைடை உருக்கி அதுக்குள்ள கரண்ட் விட்டுப் பார்த்தார். ஹைட்ரஜன் பாசிட்டிவ் முனையில வெளிய வந்துச்சு. பாஞ்ச கரண்டுக்கு எவ்வளவு வரணுமோ, சரியா அவ்வளவு.

இதுல கழித்தல் கணக்கு எதுவும் இல்ல. ஹைட்ரஜன் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்தார், அவ்வளவுதான்.

அப்ப லித்தியம் ஹைட்ரைடு நூறு சதவீதம் ஐயானிக்கா? அங்கதான் சுவாரசியமே. பாலிங் அந்த வித்தியாசத்தைச் சதவீதமா மாத்த ஒரு சூத்திரம் குடுத்திருக்கார். அதுல போட்டா லித்தியம் ஹைட்ரைடு 31 சதவீதம்தான் ஐயானிக். இன்னொரு வழி, வாயு நிலையில ஒத்தை மூலக்கூறைப் பிடிச்சு அதோட டைபோல் மொமென்ட்டை அளக்கறது, அதாவது மின்னேற்றம் ஒரு பக்கமா எவ்வளவு ஒதுங்கியிருக்குன்னு பார்க்கறது. 5.88 டிபை வருது. எலக்ட்ரான் முழுசாவே கை மாறியிருந்தா எவ்வளவு வரணுமோ, அதுல 77 சதவீதம். திடப்பொருளா இருக்கும்போது உப்பு மாதிரி அடுக்கி நிக்குது. ஒரே பொருள், மூணு அளவுகோல், மூணு பதில். இதுல எந்தப் பதிலும் பொய் இல்ல. மூணும் வேற வேற கேள்விக்கான பதில்.

இதுக்குக் காரணம் ஹைட்ரைடு அயனியோட குணம். ஒத்தைப் புரோட்டான் ரெண்டு எலக்ட்ரானைக் கட்டி மேய்க்கணும். பிடி ரொம்பத் தளர்வு. குளோரின் ஒரு எலக்ட்ரானை வாங்கிக்கும்போது மோலுக்கு 349 கிலோஜூல் வெளிய விடும், ஹைட்ரஜன் வெறும் 73. அதனால ஹைட்ரைடு அயனி பஞ்சு உருண்டை மாதிரி, பக்கத்துல யாரு நிக்கறாங்களோ அதுக்கேத்த மாதிரி அமுங்கும். அதோட ஆரத்தையே ஒரு நம்பரா சொல்ல முடியாது, மக்னீசியம் ஹைட்ரைடுல சுமார் 130 பிக்கோமீட்டர், ருபிடியம் ஹைட்ரைடுல 154. பக்கத்துல ஆள் சின்னதா, மின்னேற்றம் அதிகமா இருந்தா, அது அந்த எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கும். 1923-ல ஃபயான்ஸ் சொன்ன விதி இது. பெரிலியம் அப்படிப்பட்ட ஆள், கையளவு உருவம், ரெண்டு பாசிட்டிவ். எலக்ட்ரானைக் குடுத்த கையோட பாதியைத் திரும்பப் பிடுங்கிக்கும். அதனால பெரிலியம் ஹைட்ரைடு உப்பு ஆகல. ஒவ்வொரு ஹைட்ரஜனும் ரெண்டு பெரிலியத்துக்கு நடுவுல பாலம் மாதிரி நின்னு, மூணு அணு சேர்ந்து ஒரே ஜோடி எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்குது. மூணு பேருக்கு ஒரு ஜோடி! இதை அந்தக் குவிஸ் தாள்ல எந்தக் கட்டத்துல டிக் பண்ணுவீங்க?

(இந்த இடத்துல 'நாமளும் அப்படித்தானே, இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம'ன்னு ஒரு வரி எழுத கை பரபரக்குது. புலம்பெயர்ந்தவங்க எழுதற எல்லாத்துலயும் அந்த வரி வந்துடுது. விட்டுடறேன்.)

பூலியன் வேண்டாம், ஃப்ளோட்டா வச்சுக்கலாம், 0-ல இருந்து 1 வரைக்கும்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். பல்லேடியத்தைப் பார்க்கற வரைக்கும். 1866-ல தாமஸ் கிரஹாம் கவனிச்சது: பல்லேடியம் தன் கன அளவைப் போல பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உள்ள இழுத்துக்கும். பல்லேடியத்தோட எலக்ட்ரோநெகட்டிவிட்டி 2.20. ஹைட்ரஜனும் 2.20. வித்தியாசம் சுத்தமா சைபர். கழித்தல் விதிப்படி உலகத்துலயே உத்தமமான கோவேலன்ட் இதுதான். நிஜத்துல அது உலோகமாவே இருக்கு, கரண்ட் கடத்துது, ஒரு பல்லேடியத்துக்கு 0.6, 0.7 ஹைட்ரஜன்னு முழு எண்ணே இல்லாம உட்கார்ந்திருக்கும். ஐயானிக்கும் இல்ல, கோவேலன்ட்டும் இல்ல. கோட்டுக்கு வெளிய மூணாவதா ஒரு மூலை இருக்கு: உலோகப் பிணைப்பு. இதைப் படமாவே போட்டிருக்காங்க. 1941-ல வான் ஆர்கல் ஒரு முக்கோணம் வரைஞ்சார், 1947-ல கெட்டலார் அதைத் திருத்தினார், ரெண்டு பேரும் டச்சுக்காரங்க. மூணு மூலையில மூணு பிணைப்பு, ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள ஒரு புள்ளி. போர்டுல வரைய ஒரு நிமிஷம் ஆகுமா? 1.7-க்குப் பதிலா இதைச் சொல்லிக் குடுத்தா என்ன கெட்டுப் போயிடும்?

"மார்க் போட முடியாது"ங்கறது ஒரு பதில். அதை நான் கிண்டல் பண்ணல. முப்பது பிள்ளைங்க தாளைத் திருத்தற டீச்சருக்கு கோடு வேணும். கோடு போடுங்க. ஆனா இது நாங்க வசதிக்குப் போட்ட கோடு, ஹைட்ரஜன் பக்கம் வந்தா வேலை செய்யாதுன்னு ஒரு வார்த்தை சொல்லணும். கோடுல கமென்ட் எழுதாம போறவனை நாங்க என்ன திட்டு திட்டுவோம்!

இனி என் தப்புக்கு வர்றேன், ஏன்னா அதுல காசு சம்பந்தப்பட்டிருக்கு. ஸ்பாஞ்ச்ங்கற உவமை பல்லேடியத்துக்கு ஏறக்குறைய பொருந்தும். உங்க வீட்டு ரீசார்ஜபிள் டபுள் ஏ பேட்டரியில 'நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு'ன்னு போட்டிருந்தா அதுக்குள்ள இருக்கறதும் அந்த வகை உலோகக் கலவைதான். 1997-ல வந்த முதல் டொயோட்டா ப்ரியஸ் அந்த மாதிரி பேட்டரியிலதான் ஓடுச்சு. லாந்தனம்-நிக்கல் கலவை அறை வெப்பத்துலயே ஹைட்ரஜனை வாங்கும், விடும். நல்ல பிள்ளை. ஆனா எடையில 1.4 சதவீதம்தான் ஹைட்ரஜன். ஒரு காருக்கு 5 கிலோ ஹைட்ரஜன் வேணும்னா 350 கிலோவுக்கு மேல உலோகத்தைச் சுமக்கணும். ஜெர்மனியோட 212 வகை நீர்மூழ்கிக் கப்பல்கள்ல மெட்டல் ஹைட்ரைடு சிலிண்டர் வச்சிருக்காங்க. அங்க எடை பிரச்சினையே இல்ல, எப்படியும் முழுகத்தானே போகுது.

மக்னீசியம் ஹைட்ரைடு கதை வேற. எடையில 7.6 சதவீதம் ஹைட்ரஜன், அதாவது 5 கிலோவுக்கு 66 கிலோ பொருள் போதும். ஒரு லிட்டர் மக்னீசியம் ஹைட்ரைடுல சுமார் 110 கிராம் ஹைட்ரஜன் இருக்கு, ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜன்லயே 71 கிராம்தான். விலை மலிவு, உலோகம் தாராளமா கிடைக்குது. 'திட ஹைட்ரஜன்'னு ஸ்லைடு போடறவங்க காட்டறது பெரும்பாலும் இந்த நம்பர்களைத்தான்.

ஸ்லைடுல வராதது பிணைப்பு. மக்னீசியம் ஹைட்ரஜனைக் குடிச்சு வச்சுக்கறது இல்ல, அது வேற பொருளாவே மாறிடுது. உலோகம் உலோகமா இல்ல, படிக அமைப்பே மாறி, கரண்ட் கடத்தாத பொடி ஆயிடுது. முக்கோணத்துல அது ஐயானிக் மூலைக்கும் கோவேலன்ட் மூலைக்கும் நடுவுல எங்கயோ, ஐயானிக் பக்கம் சாஞ்சு நிக்குது. அந்தப் பிணைப்பை உடைச்சு ஹைட்ரஜனை வெளிய எடுக்க மோலுக்கு சுமார் 75 கிலோஜூலும், 300 டிகிரிக்குப் பக்கமா சூடும் வேணும். 5 கிலோவுக்குக் கணக்குப் போட்டா 52 கிலோவாட் மணி. அது ஒரு எலக்ட்ரிக் காரோட முழு பேட்டரி அளவு! ஹைட்ரஜனை வெளிய கூப்பிடறதுக்கே அவ்வளவு. ஃபியூல் செல் 80 டிகிரி பக்கத்துலதான் ஓடுது, அதோட கழிவுச் சூட்டால 300 டிகிரியை எட்டவே முடியாது. நிரப்பும்போது அதே சூடு திரும்ப வெளிய வரும். அஞ்சு நிமிஷத்துல நிரப்பினா 600 கிலோவாட்டுக்கு மேல, நானூறு எலக்ட்ரிக் கெட்டிலை ஒரே நேரத்துல போட்ட மாதிரி. டொயோட்டா மிராய் பேசாம 700 பார் அழுத்தத்துல வாயுவாவே அடைச்சு வச்சிருக்கு, அது சோம்பேறித்தனம் இல்ல.

இதை மாத்த முயற்சி நடக்காமலும் இல்ல. இங்கயே மாண்ட்ரியல் பக்கம், மெக்கில் பல்கலைக்கழகத்துலயும் ஹைட்ரோ-கியூபெக்லயும் 1990-கள்ல மக்னீசியத்தை நானோ அளவுக்கு அரைச்சுப் பார்த்தாங்க. வேகம் நல்லாவே கூடுச்சு. ஆனா அந்த 75 பெருசா அசையல. டேட்டாபேஸ்ல இண்டெக்ஸ் போடற மாதிரி: சீக்கிரம் கிடைக்கும், விலை குறையாது.

அப்ப ஐயானிக் கூடக்கூட பிடி இறுகும், கோவேலன்ட் பக்கம் போனா இளகும்னு ஒரு புது விதி எழுதிடலாமா? லித்தியம் ஹைட்ரைடுக்கு 181 கிலோஜூல், மக்னீசியத்துக்கு 75, அலுமினியம் ஹைட்ரைடுக்குப் பத்து கூட இல்ல. அழகான வரிசை. அலுமினியம் ஹைட்ரைடு ஹைட்ரஜனை லேசா விட்டுடும், ஆனா திரும்ப ஏத்தணும்னா ஆயிரக்கணக்கான பார் அழுத்தம் கேட்கும். ஆனா டைட்டானியம் ஹைட்ரைடு உலோக மூலைப் பக்கம் இருந்துக்கிட்டே மக்னீசியத்தை விட இறுக்கமா பிடிச்சுக்குது. வரிசை உடைஞ்சிடுது. விதி எழுதற ஆசையை நானும் அடக்கிக்கிட்டேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சோடியம் அலனேட். ஒரு சோடியம், ஒரு அலுமினியம், நாலு ஹைட்ரஜன். அலுமினியமும் ஹைட்ரஜனும் தங்களுக்குள்ள கோவேலன்ட். அந்தக் கூட்டம் மொத்தமா நெகட்டிவ் ஆகி சோடியத்தோட ஐயானிக். ஒரே தூளுக்குள்ள ரெண்டும். ஹைட்ரஜனை விட்டா திரும்ப வாங்காத பொருள்னுதான் ரொம்ப நாள் ஒதுக்கி வச்சிருந்தாங்க. 1997-ல ஜெர்மனியில மூல்ஹைம்ல இருக்கற மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆராய்ச்சி நிறுவனத்துல, போக்டானோவிச்சும் ஷ்விக்கார்டியும் கொஞ்சம் டைட்டானியம் சேர்த்தாங்க. திரும்ப வாங்க ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு கட்டத்துல 5.6 சதவீதம் வரைக்கும். கார்ல ஏறுற அளவுக்கு இன்னும் வரல, ஆனா அந்த முழுத் துறையையே அது தட்டி எழுப்பிச்சு. 'இது ஐயானிக்கா, கோவேலன்ட்டா'ன்னு டிக் அடிச்சுட்டு நகர்ந்திருந்தா, இதைத் தொட்டிருப்பாங்களான்னு எனக்கு சந்தேகம்.

இவ்வளவையும் போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு டைனிங் டேபிள்ல, தோசை ஆறிப் போற வரைக்கும் சொன்னேன். மருமக கேட்டுக்கிட்டா. மோயர்ஸ் கதைக்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தா. "பாசிட்டிவ் முனையிலயா? நிஜமாவா?"

கிரேடு 12 பாடத் தேர்வுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. விடறாளா, வச்சுக்கறாளான்னு அவ சொல்லல, நானும் கேக்கல. கிளம்பும்போது ஷூ மாட்டிக்கிட்டே இருக்கேன், வாசல் வரைக்கும் வந்து கேட்டா:

"அடுத்த டெஸ்ட்ல அலுமினியம் ஹைட்ரைடு வந்தா என்ன எழுதறது மாமா?"

"கோவேலன்ட்னு எழுதி மார்க்கை வாங்கிடு. கீழ ஒரு வரி சேர்த்துக்கோ, ஒவ்வொரு அலுமினியத்தையும் சுத்தி ஆறு ஹைட்ரஜன் இருக்கு, தனித்தனி மூலக்கூறு கிடையாதுன்னு."

"எழுத இடம் விட மாட்டாங்க மாமா. டிக் பாக்ஸ்தான்."

ஸ்பாஞ்ச் திருத்தம் அடுத்த எபிசோட் ஆரம்பத்துலயே வரும். அவளே வந்து பேசறேன்னு சொல்லியிருக்கா.